நாற்பதுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவில்

சுவரில் அந்த அறிவிப்பை ஒட்டிவிட்டு, பசை வாளியைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் தெருமுனையைத் தாண்டுவதற்குள் பட்டியலம்மா வீட்டு வாசலில் பதினோரு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

"அக்கா, எங்க பேரு இருக்கா?"

"எந்த வீடு? முப்பத்தேழா? இருக்கு. உங்கப்பா பேரு மொத வரி. உன் பேரு நாலாவது. அப்ப உனக்கு ஒன்பது வயசு, முன்பல்லு ரெண்டும் இல்ல."

"அதையுமா எழுதினீங்க?"

"அதுக்குக் கட்டம் இல்லப்பா. இருந்திருந்தா எழுதியிருப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். உள்ளேயிருந்து அவளுடைய கணவர் குரல் கொடுத்தார். கடைசல் பட்டறையில் நாற்பது வருடம் இரும்பு கடைந்தவர். காது பாதி போய்விட்டதால் சாதாரணமாகக் கேட்பதே தெருவுக்குக் கேட்கும். "என்ன கூட்டம்? யாராவது செத்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல," என்றாள் அவள்.

அறிவிப்பில் இருந்தது இதுதான். தெருவின் இரண்டு பக்கத்து வீடுகளும் இடிக்கப்படும். அதே இடத்தில் எட்டு மாடிக் கட்டடம் எழும்பும். ஊரைச் சேர்ந்த குடும்பம் ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு வீடு. ஊரைச் சேராதவர்கள் மூன்று மாதத்துக்குள் ஊரை விட்டே போய்விட வேண்டும். யார் சேர்ந்தவர், யார் சேராதவர் என்பதில் வழவழா கொழகொழா எதுவும் இல்லை. இருபத்துநான்கு வருடங்களுக்கு முன் எடுத்த வீட்டுப் பட்டியலில் பெயர் உள்ளவர்களும் அவர்கள் பெற்ற பிள்ளைகளும் ஊர்க்காரர்கள். மற்றவர்கள் இல்லை.

அந்த வருடம் இந்தத் தெருவுக்குப் பட்டியல் எடுத்தவள் அவள்தான். அன்று பிற்பகல் முழுக்க வாசற்படியில் நின்றபடி, புத்தகம் எதுவும் இல்லாமல், வீட்டு எண்ணைக் கேட்டுப் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டவர்கள் முகத்தில் இரத்தம் திரும்புவதைப் பார்ப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. நாற்பத்தொன்று என்று யாரும் கேட்கவில்லை. நாற்பத்தொன்று அவளுடைய வீடு.

பட்டியலம்மா என்பது தெரு வைத்த பெயர். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கொடுப்பதுதான் அவளுடைய வேலை. கம்பி போட்ட சின்ன ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து பெயர், வயது, தெரு, என்ன உபாதை என்று முப்பத்தொரு வருடம் எழுதியவள். கடையில் காய்கறி வாங்கும்போது எதிரே வந்து நின்றாலும், பழக்க தோஷத்தில் சிலர் தங்கள் வயிற்றுவலியைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வீட்டுப் பட்டியல் எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்தும் பள்ளிக்கூடத்திலிருந்தும் ஆட்களைப் பிடித்துக்கொள்வார்கள். மற்றவர்கள் தலையெழுத்தே என்று செய்வார்கள். அவள் புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு கிளம்புவாள்.

வீட்டில் எத்தனை பேர் என்று அவள் கேட்டதே இல்லை. அப்படிக் கேட்டால் கைக்குழந்தையை விட்டுவிடுவார்கள், இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்கும் தம்பியை விட்டுவிடுவார்கள், போன மாதம் இறந்துபோனவரைச் சேர்த்துச் சொல்வார்கள். "ராத்திரி எத்தனை தட்டு கழுவுவீங்க?" என்பாள். "ஏழு." "ஆறு பேரு சொல்லியிருக்கீங்க. ஏழாவது தட்டு யாரோடது?" அப்போதுதான், குடும்பத்தோடு பேச்சுவார்த்தை இல்லாமல் மாடியறையில் கிடக்கும் சித்தப்பா பட்டியலுக்குள் வருவார்.

ஒரு வீட்டை எழுதி முடித்ததும் அடிக்கோலை வைத்து இரட்டைக் கோடு போடுவாள். பக்கத்தில் கட்டங்கள் மிஞ்சினால் மூலைக்கு மூலை குறுக்குக் கோடு. பின்னால் ஒருவர் வந்து ஒரு பெயரைச் செருக முடியக்கூடாது. மேலதிகாரிகள் அவளுடைய புத்தகத்தை மற்றவர்களுக்குக் காட்டி, "இப்படி எழுதுங்க" என்பார்கள்.

நாற்பது நாள் குழந்தையாக அவள் இந்தத் தெருவுக்கு வந்தாள். அதற்கு முன் இருந்த ஊரை அவள் பார்த்ததில்லை என்றுதான் சொல்ல வேண்டும். நாற்பது நாள் குழந்தை எதைப் பார்த்திருக்கும்? அம்மாவும் அப்பாவும் இந்தத் தெருவில்தான் வாழ்ந்தார்கள், இங்கேதான் செத்தார்கள். எந்த வீட்டுக் கதவு மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு தோளால் இடித்தால்தான் திறக்கும், எந்தக் குழாயில் முதலில் காற்றும் அப்புறம் துருவும் அதற்கப்புறம் தண்ணீரும் வரும், எந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்ளாமல் ஒரே அடுப்பில் சமைக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். சொந்த ஊர் என்று தனியாக ஒன்றை அவள் நினைத்துப் பார்த்ததே கிடையாது. நினைக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

அந்தப் பட்டியலில் அவள் தெரிந்தே எழுதிய பொய் ஒன்றே ஒன்று உண்டு. ஐம்பத்தெட்டாம் எண் வீடு. ஆறு மாதமாவது குடியிருந்தவர்களைத்தான் எழுத வேண்டும் என்பது விதி. கதவைத் திறந்தவன் ஒல்லியான ஓர் ஆள், பூட்டு ரிப்பேர் செய்பவன். உள்ளே, அவிழ்க்காத மூட்டையின் மேல் நிறைமாதக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"வந்து எத்தனை நாளாச்சு?"

"நாலு நாளாச்சுக்கா."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் சங்கடமாகப் போயிற்று. பட்டியலில் இல்லாதவர்களுக்கு ஆஸ்பத்திரியில் பிரசவப் படுக்கை கிடையாது. அடுத்த மாதம் அந்தப் பெண் வலியோடு வந்து நிற்கும்போது கம்பி ஜன்னலுக்குப் பின்னாலிருந்து இல்லை என்று சொல்லப்போகிறவள் இவள்தான். பேனாவை ஒருமுறை உதறிக்கொண்டாள்.

"ஏழு மாசம்னு எழுதியிருக்கேன். யாரு கேட்டாலும் ஏழு மாசம். புரியுதா?"

கோடு போட்டு மூடினாள். அந்தப் பையன் பிறந்தபோது சீட்டு எழுதியதும் அவள்தான்.

அறிவிப்பு வந்து எட்டாம் நாள், பழைய பட்டியலின் நகல்களை வட்ட அலுவலகத்துத் தாழ்வாரத்தில் ஒட்டினார்கள். அவள் பெயர் தேடிப் போகவில்லை. தன் கையெழுத்தைப் பார்க்கப் போனாள். இருபத்துநான்கு வருடத்துக்கு முன் எழுத்து இன்னும் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. நாற்பது, பக்கத்து வீட்டுத் தையல்காரி. அடுத்து நாற்பத்திரண்டு, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். நாற்பது. நாற்பத்திரண்டு.

தையல்காரி பக்கத்தில்தான் நின்றாள். "என்னக்கா, உங்க வீட்டைக் காணோம்? தெருவையே எழுதிட்டு உங்களை மட்டும் வீட்லயே வச்சுப் பூட்டிட்டு வந்துட்டீங்களா?"

தாழ்வாரமே சிரித்தது. அவளும் சிரித்தாள். அலுவலக வாசலைத் தாண்டி, மருந்துக் கடை மூலை வரைக்கும் அந்தச் சிரிப்பை முகத்திலேயே வைத்துக்கொண்டு நடந்தாள். அங்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மருந்துக்கடைக்காரர் ஒரு முக்காலியை வெளியே தள்ளினார்.

மகள் மாலையில் வந்தாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடிச் சில்லு அறுக்கும் வேலை. விரல் நுனிகள் எப்போதும் வெள்ளையாக இருக்கும். விஷயத்தைக் கேட்டதும் கை கழுவாமலே உட்கார்ந்துவிட்டாள்.

"நம்ம வீட்டை நீ ஏம்மா எழுதல?"

"நம்ம வீட்டை நாமே எழுதக்கூடாது. பட்டியல் எடுக்கிறவங்களுக்கு அது வழக்கம். பக்கத்துத் தெருக்காரர் நம்ம வீட்டை எழுதுவாரு. அவரு வீட்டை நான் எழுதுவேன். மொத நாள் பயிற்சியில வாயால சொல்லித் தருவாங்க."

"யாரு அந்தப் பக்கத்துத் தெருக்காரரு?"

"கணக்கு வாத்தியாரு. கடைசியா உங்க வீட்டுக்கு வரேன், நிதானமா உக்காந்து டீ குடிச்சுட்டு எழுதிக்கிறேன்னாரு. மூணாம் நாள் யாரோ வீட்டு மாடிப்படியில விழுந்து காலை உடைச்சுக்கிட்டாரு. மிச்சத்தை முடிக்க ஒரு புதுப் பையனை அனுப்பினாங்க. அவனுக்கு இந்த வழக்கம் தெரிஞ்சிருக்காது. நாங்க வீட்ல இல்லாத நேரம் பக்கத்துல கேட்டு எழுதிக்கிட்டுப் போயிருப்பான்னு நான் நினைச்சுட்டேன்."

"இருபத்துநாலு வருஷமா ஒரு தடவை போய்ப் பார்க்கத் தோணலையா?"

"நான் எழுதினதைத்தான் நான் பார்க்கலாம். அவரு எழுதினதைப் பிரிச்சுப் பார்க்க நான் யாரு?"

அந்தப் பட்டியல் எடுத்த வருடம் மகளுக்கு இரண்டு வயது. அதற்குப் பின் வந்த எல்லாப் பட்டியல்களிலும் மூன்று பேருடைய பெயர்களும் ஒழுங்காக இருந்தன. ஆனால் அறிவிப்பு கேட்டது அந்த ஒரு வருடத்தை.

பதிவேட்டு அறை வட்ட அலுவலகத்தின் பின்கட்டில் இருந்தது. அங்கே வேலை செய்தவர் அவளுக்குப் பல வருடப் பழக்கம். மூட்டுவலிக்குச் சீட்டு வாங்குபவர். பழைய புத்தகங்களை இறக்கி மேசையில் போட்டார். வாத்தியாரின் புத்தகத்தில் பாதி வரை ஒரு கையெழுத்து, அப்புறம் வேறு கையெழுத்து. கடைசிப் பக்கம் வரை பார்த்தார்கள். நாற்பத்தொன்று இல்லை. அவளுடைய புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மட்டும் வாத்தியாரின் வீடு இருந்தது, ஆறு பேர், இரட்டைக் கோட்டோடு.

அவர் எழுந்து கதவுப் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"நான் டீ குடிக்கப் போறேன். பத்து நிமிஷம் ஆகும். உங்க புத்தகம், உங்க கையெழுத்து. மேசை மேல பேனா இருக்கு. நான் எதையும் பார்க்கல."

அவள் தனியாக இருந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாகத் தனக்காக ஓர் ஏமாற்று வேலைக்குப் பேனாவை எடுத்தாள். நாற்பதுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவில் இரட்டைக் கோடு மட்டும் இருந்தது. பக்கத்தைப் புரட்டினாள். ஓரங்களில், மிஞ்சிய கட்டங்களில், அட்டைக்கு முந்திய தாளில், எங்கும் மூலைக்கு மூலை கோடு. இருபத்துநான்கு வருடத்துக்கு முன் அடிக்கோலை அழுத்திப் பிடித்திருந்த பெண்ணின் மேல் அவளுக்கு அப்போது வந்த ஆத்திரம் எந்த எதிரியின் மேலும் வந்ததில்லை.

"என்னாச்சு?" என்றார் திரும்பி வந்தவர்.

"இடமில்ல."

அவர் குனிந்து பார்த்தார். "ஒரு எறும்பு போக இடம் விடலையேம்மா! இப்படியா எழுதுவாங்க?"

இனி ஒரே வழிதான் இருப்பதாக அவர் சொன்னார். விசாரணைக்கு விண்ணப்பிக்கலாம். அதே தெருவில், பட்டியலில் பெயர் உள்ள இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நிபந்தனை: சாட்சி சொல்கிறவர்களின் சொந்தப் பதிவையும் பழைய காகிதங்களோடு வைத்து அடியிலிருந்து சரிபார்ப்பார்கள்.

தையல்காரி படிக்கக்கூட இல்லை. தையல் மெஷினை நிறுத்தி, தாளைத் துணிமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். "என்னைச் சரிபார்க்க வந்தா வரட்டும். இந்தத் தெருவுல யாரு யாருக்கு இடுப்புச் சுற்றளவு எவ்வளவுன்னு ஒப்பிக்கிறேன். ஊர்க்காரி இல்லன்னு சொல்லட்டும் பார்ப்போம்."

அவளுக்குப் பிறகு ஒருத்தரும் இல்லை. பஸ் ஓட்டியவர், "எம்பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேம்மா" என்றார். மறுநாள் கதவே திறக்கவில்லை, உள்ளே ரேடியோ மட்டும் சட்டென்று நின்றது. முப்பத்தேழாம் வீட்டுக்காரனுக்கு வலது கை சுளுக்கு.

"இடது கையால போடேன்," என்றாள் அவள்.

"அது செல்லாதுக்கா."

"நேத்து இந்தக் கையாலதானே ரெண்டு குடம் தூக்கிட்டுப் போனே?"

"அதனாலதான்க்கா சுளுக்கு."

பத்தொன்பது வீடு ஏறி இறங்கினாள். யாரும் கதவை அவள் முகத்தில் சாத்தவில்லை. எல்லோரும் உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். பழைய காகிதம் என்று யாரிடம் என்ன இருக்கிறது? மழையில் நனைந்தது, கரையான் அரித்தது, பாகப்பிரிவினையில் அண்ணன் எடுத்துப் போனது. அந்தத் தெருவில் எல்லோரிடமும் இருந்த ஒரே அத்தாட்சி அவள் எழுதியதுதான். அதைத் தோண்டக் கொடுக்க யாருக்கு மனம் வரும்?

"அம்பத்தெட்டுக்குப் போ," என்றார் கணவர்.

"அது செஞ்சதைச் சொல்லிக்காட்டற மாதிரி."

"என்ன?"

"சொல்லிக்காட்டற மாதிரி!" என்று கத்தினாள்.

"காட்டு. காட்டாம என்ன?"

பூட்டுக்காரர் இப்போது ஒல்லி இல்லை. தெருமுனையில் சொந்தக் கடை, சுவர் முழுக்க ஆணிகளில் சாவிகள். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கையில் இருந்த சாவியை அரத்தால் தேய்த்துக்கொண்டே நின்றார். அது ஏற்கெனவே தேய்த்து முடிந்த சாவி.

"உக்காருங்கக்கா."

"உக்கார வரல. நீ என்ன சொல்லப்போறேன்னு உன் மூஞ்சியிலேயே தெரியுது. இருந்தாலும் உன் வாயால கேட்டுட்டுப் போறேன்."

அவர் அரத்தை வைத்தார். "என்கிட்ட என்னக்கா காகிதம் இருக்கு? நீங்க எழுதின ஏழு மாசம்தான் இருக்கு. நான் கையெழுத்துப் போட்டா என்னைத் தோண்டுவாங்க. தோண்டினா அந்த நாலு நாள்தான் கிடைக்கும்."

அவள் சுவரில் தொங்கிய சாவிகளைப் பார்த்தாள்.

"பையன் தீயணைப்புல சேர்ந்து நாலு மாசம் ஆகுது. ஊர்க்காரனுக்குத்தான் அந்த வேலை. அவனுக்கு இதெல்லாம் தெரியாதுக்கா. நாலு தலைமுறையா இந்த ஊருதான்னு சிநேகிதங்ககிட்ட பீத்திக்கிறான். நான் கேட்டுக்கிட்டுச் சும்மா இருக்கேன்." கையிலிருந்த சாவியை ஆணியில் மாட்டினார். "உங்களுக்கு மாட்டேன்னு சொல்ற வாய் அழுகிப்போகும்."

"அப்படியெல்லாம் சொல்லாதே. அந்த வாயாலதான் சாப்பிடணும்," என்று சொல்லிவிட்டு அவள் இறங்கி நடந்தாள்.

ஒரே ஒரு சாட்சியோடு விசாரணைக்குப் போனாள். கணவர் உள்ளே வந்தால் கத்துவார் என்று வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, மகளை மட்டும் அழைத்துக்கொண்டாள். அதிகாரி சின்ன வயதுக்காரர், ஜலதோஷம், மேசை மேல் கைக்குட்டை. மரியாதையாக நாற்காலியைக் காட்டினார். கோபக்காரராக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வாத்தியார், உடைந்த கால், புதுப் பையன், எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஒருத்தர் வீட்டை இன்னொருத்தர் எழுதற இந்த வழக்கம், எந்த உத்தரவுலயாவது இருக்காம்மா?"

"வாயால சொல்வாங்க சார். என் புத்தகத்துலயே பாருங்க, கடைசிப் பக்கத்துல வாத்தியாரு வீடு இருக்கு."

அவர் புரட்டிப் பார்த்தார். "ஆமா, இருக்கு. வேற தெரு வீடு. இது எப்படி இங்க வந்துச்சுன்னு நான் கேள்வி எழுப்பணுமா? அந்தக் குடும்பம் இப்ப இதை நம்பித்தான் இருக்கு."

வாத்தியாரின் மனைவி இப்போது கம்பு ஊன்றி நடக்கிறாள். பட்டியலம்மா அவசரமாக, "வேண்டாம் சார்," என்றாள்.

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டார். அவளுக்கு உதவ வேண்டும் என்று அவர் நிஜமாகவே நினைத்ததாகத்தான் தோன்றியது.

"ஒரு வழி இருக்கு. காகிதப்படி பார்த்தா இந்தத் தெருவுக்கு உங்க புத்தகம்தான். நாற்பதுக்கு அப்புறம் நாற்பத்திரண்டுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இந்தப் பட்டியல்ல பிழை இருக்குன்னு நீங்க எழுதிக் கொடுங்க. எழுதினவங்களே பிழைன்னு சொன்னா, நான் தெரு முழுக்க மறுவிசாரணை போடலாம். அறுபத்துமூணு வீடும் புதுசா ஆரம்பிக்கும். அதுல உங்க வீடும் வரும். உங்களுக்கு ஆஸ்பத்திரி வேலை, சம்பளச் சீட்டு எல்லாம் இருக்கு. உங்களுக்குக் கிடைச்சுடும்."

"மத்தவங்களுக்கு?"

"காகிதம் இருக்கிறவங்களுக்குக் கிடைக்கும்."

மேசை மேல் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தினார். மகள் அதைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். "எழுதும்மா," என்று முணுமுணுத்தாள்.

அவள் வீடுகளை நினைத்துக்கொண்டாள். முப்பத்தேழு, ஒரு காகிதமும் கிடையாது. நாற்பது, தையல் மெஷின் உண்டு, காகிதம் கிடையாது. மாடியறைச் சித்தப்பா. ஐம்பத்தெட்டு. இவ்வளவையும் நினைத்தாள் என்பது உண்மை. தன் புத்தகத்தின் மேல் 'பிழை' என்று யாரோ சிவப்பு மையில் எழுதுவதையும் அதே கணத்தில் நினைத்தாள் என்பதும் உண்மை. எது முந்தியது என்று பிற்பாடு எவ்வளவு யோசித்தும் அவளால் சொல்ல முடியவில்லை.

"என் பட்டியல்ல பிழை இல்ல சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. அப்ப நாற்பத்தொண்ணு?"

"பட்டியல்ல என்ன இருக்கோ அதுதான்."

அவர் இன்னும் ஒரு நிமிடம் காத்திருந்துவிட்டு, கோப்பில் இரண்டு வரி எழுதி மூடினார்.

வெளியே கணவர் எழுந்து நின்றார். "என்ன சொன்னாரு? வீடு உண்டா?" மகள் அவர் காதருகே போய், "இல்ல," என்றாள். அவருக்குக் கேட்கவில்லை. "இல்லப்பா, இல்ல!" என்று அவள் கத்தியபோது தாழ்வாரத்தில் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மகள் கதவைச் சாத்தினாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. தெருவைக் காப்பாத்தினியா, உன் புத்தகத்தைக் காப்பாத்தினியா?"

"தெரியல."

"இருபத்தாறு வருஷம் நான் இங்க இருந்திருக்கேன். கேட்டியா என்னை? அந்த மேசை முன்னால என்னையும் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு, என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டிருந்தா நீ எழுதுன்னு சொல்லியிருப்பே."

"ஆமா. சொன்னேன்ல!"

"அதனாலதான் கேக்கல."

மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. "தையல்காரி மாமிக்கு என் அளவு மனப்பாடமாத் தெரியும். பூட்டுக்காரர் பையனுக்கு நான் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கேன். எல்லாரும் நாளைக்கு எட்டு மாடி வீட்டுக்குப் போவாங்க. ஜன்னல்ல நின்னு கையாட்டுவாங்க. உன்னை நல்லவன்னு சொல்வாங்கம்மா. வருஷத்துக்கு ஒரு தடவையாவது சொல்வாங்க."

கணவர் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து பட்டறைச் சாமான் பெட்டியை இழுத்து, எதை எடுப்பது எதை விடுவது என்று பிரிக்க ஆரம்பித்தார். எல்லாமே கனமான இரும்பு. எடுத்ததையெல்லாம் திரும்பவும் உள்ளேயே வைத்தார்.

அதற்குப் பிறகு மகள் அவளோடு சண்டை போடவில்லை. சாப்பாடு ஆச்சா, மழை வருது, துணியை எடு, இவ்வளவுதான் பேச்சு. தெருவில் அவளைப் பார்த்தால் ஆட்கள் பேச்சை நிறுத்தினார்கள். இடம் ஒதுக்கும் மனுவை எப்படி நிரப்புவது என்று கேட்க இரண்டு பேர் வாசல் வரை வந்து, கூச்சப்பட்டுத் திரும்பிப் போனார்கள். மூன்றாவதாக முப்பத்தேழாம் வீட்டுக்காரன் வந்தபோது அவளே கூப்பிட்டு உட்கார வைத்து நிரப்பிக் கொடுத்தாள். எத்தனை வருடமாக இந்த ஊரில் இருக்கிறீர்கள் என்ற கட்டத்தில் 'பிறந்தது முதல்' என்று அவனுக்காக எழுதினாள். அவன் அழ ஆரம்பித்துவிட்டான். "கை எப்படி இருக்கு?" என்று கேட்டாள். அவன் இன்னும் அழுதான்.

ஊரை விட்டுப் போகிறவர்களுக்கான மனுவை வாங்கும் ஜன்னல் வட்ட அலுவலகத்தின் பக்கவாட்டில் இருந்தது. கம்பி போட்ட ஜன்னல். அவள் வெளிப்பக்கம் நின்றாள். பின்னால் கணவர், அவருக்குப் பின்னால் மகள். உள்ளே இருந்த பெண் தலை நிமிராமல் கேள்விகளைக் கேட்டாள். வீட்டு எண் கேட்டாள். சாமான் எத்தனை என்று கேட்டாள். எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்டபோது அவள், அம்மா எப்போதோ சொல்லிக் கேட்ட அந்த ஊரின் பெயரைச் சொன்னாள். சொன்னபோது அது தன் வாயில் எவ்வளவு புதிதாக இருக்கிறது என்று தெரிந்தது. அங்கே யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு, யாரும் இல்லை என்றாள்.

"எத்தனை பேர்?"

"மூணு," என்றாள் அவள்.

"ரெண்டு," என்றாள் மகள், பின்னாலிருந்து.

அவள் திரும்பினாள். மகள் கையில் இன்னொரு தாள் இருந்தது, ஏற்கெனவே நிரப்பியது. கண்ணாடிக் கடையில் கூட வேலை செய்த பெண் ஒருத்தி வேறு ஊரில் அறை எடுத்திருக்கிறாள் என்று இரண்டு வாரத்துக்கு முன் மகள் ஏதோ பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். கணவர், "என்ன? என்ன சொல்றா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

"சரியாச் சொல்லுங்கம்மா," என்றாள் உள்ளே இருந்தவள், பேனாவைக் கட்டத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு. "ரெண்டா, மூணா?"

மகள் ஜன்னலைப் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. வெள்ளை படிந்த விரல்களால் தன் தாளை இன்னும் ஒரு மடிப்பு மடித்தாள். வரிசையில் பின்னால் நின்ற யாரோ செருப்பைத் தரையில் தேய்த்தார்கள்.

"ரெண்டு," என்றாள் அவள்.